அக்காவும் ஊஞ்சவலசின் ஆள்கணக்கும்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், பந்தலில் அமர்ந்து இந்த நினைவு மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தம்பியின் வணக்கம். "அம்மாவைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க மாமா" என்று அக்காவின் மகள் கேட்டுப் பல மாதங்கள் ஆகின்றன. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். அக்காவுக்கும் எனக்கும் நடுவே ஒரு வாக்குவாதம் பாதியில் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு புகழ்ந்து மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. அச்சகத்தார் இரண்டு தடவை போன் செய்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்செங்கோட்டுக்கும் பரமத்தி வேலூருக்கும் இடையில் உள்ள சிற்றூரான ஊஞ்சவலசில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. மானாவாரிக் காடும், பாதி நாள் வறண்டு கிடக்கும் ஒரு கிணறும்தான் எங்கள் சொத்து. பக்கத்து ஊருக்கு நடந்து போய்ப் பத்தாவது வரை படித்தார். அதற்கு மேல் படிக்க வைக்க அப்பாவுக்கு மனம் இருந்தது, வசதி இல்லை. அக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவார். "காலில் சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா சலித்துக்கொள்வார். வாசல் கூட்டும்போதே பால்காரரிடம் பேசி, அவரை அனுப்பும்போதே என்னைத் திட்டி, திட்டி முடிப்பதற்குள் அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள்.

அத்தை மகனான மாமாவுக்கு அக்காவை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். மாமா போர் வண்டியில் டிரில்லர். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியைத்தான் நாங்கள் போர் வண்டி என்போம். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு அதில்தான் பிழைப்பு. சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று வடக்கே போனால் வண்டி திரும்ப மாதக்கணக்காகும். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது மாமா அப்படிப் போன இடத்திலேயே காய்ச்சலில் இறந்துபோனார். உடல் ஆம்புலன்ஸில் வந்தது. அதன்பிறகு அக்கா ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம் உள்ள கோழிப் பண்ணைக்கு முட்டை அடுக்கப் போனார். அங்கே வேலை செய்த வடக்கத்திக் குடும்பங்களோடு பழகி, கொச்சையாக இந்தி பேசவும் கற்றுக்கொண்டார். அந்தச் சம்பளத்தில்தான் மகளை நர்சிங் படிக்க வைத்தார்.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்தபோது, அக்காவை நிற்கவைத்தது நான்தான். பெயர் அக்காவுடையது, நிர்வாகம் என்னுடையது என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். திருச்செங்கோட்டில் ஒரு போர் வண்டி ஆபீஸில் மேனேஜராக இருப்பவனுக்கு ஒரு சிற்றூராட்சி என்ன பெரிய காரியம்? பதவியேற்ற மறுநாள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஏஞ் சாமி, இன்னைக்கு உனக்கு ஆபீஸு லீவா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லீங்க்கா, உனக்கு ஒத்தாசைக்கு…"

"ஒத்தாசை வேணும்னா நானே கூப்படறேன். நீ போயி உன்ற ஆபீஸைப் பாரு."

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அந்த நாற்காலியில் நான் அதற்குப் பிறகு உட்காரவில்லை. ஆனால் அக்காவும் தம் நாற்காலியில் உட்கார்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. தெருவிளக்கு எரிகிறதா, தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பொழுதுக்கும் தெருவில்தான் இருப்பார்.

அப்படி இருந்தவருக்கு ஒரு சேதி வந்தது. ஆள் குறைந்த சிற்றூராட்சிகளைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள், ஊஞ்சவலசும் அதில் இருக்கிறது என்றார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. குப்பை வண்டி வரும், சாக்கடை வரும், கல்யாணம் பேச வருகிறவர்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள். மறைப்பானேன், பெரிய ரோட்டோரம் எனக்கு ஒரு மனையும் இருக்கிறது. அக்காவுக்கோ அந்தச் சேதி வந்த நாள் முதல் நிம்மதி போயிற்று.

"டவுனாயிருச்சுன்னா நூறு நாள் வேலை போயிரும். அது போனா கெழவிங்கெல்லாம் என்ன பண்ணுவாங்க? இப்ப ஒரு லைட்டு எரியலீன்னா என்ற ஊட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டுச் சத்தம் போடறாங்க. நாளைக்கு எங்க போயிச் சத்தம் போடுவாங்க?" என்றார்.

"அதுக்கொரு ஆபீஸு இருக்குமில்லீங்க்கா?"

"இருக்கும். பஸ்ஸேறிப் போயி, டோக்கன் வாங்கிக்கிட்டு நின்னு சத்தம் போடோணும்."

இப்படித்தான் எங்கள் வாக்குவாதம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீட்டில் காபியோடு இதுவும் நடக்கும்.

ஊரில் உண்மையாகவே எவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க ஓர் அலுவலர் வந்தார். அக்காவோடு நானும் கூடப் போனேன். அன்று நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. போர் வண்டிக்குப் போன ஆளை யாராவது கேட்டு வந்தால், வீட்டுப் பெண்கள் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். தூரதேசத்தில் இருக்கிறவரை வாயால் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது முறை. "இருக்காருங்க" என்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதன் பொருள் தெரியும். பாவம், அலுவலருக்குத் தெரியாது.

"வீட்டுக்காரர் இருக்காராம்மா?" என்று முதல் வீட்டில் கேட்டார்.

"இருக்காருங்க."

"கொஞ்சம் கூப்பிடுங்க."

"இப்பத்தானுங்க கடைக்குப் போனாரு."

அடுத்த வீட்டுக்காரரும் கடைக்குப் போயிருந்தார். அதற்கடுத்த வீட்டுக்காரரும் அப்படியே. ஒரு தெரு முழுவதும் ஆண்கள் கடைக்குப் போயிருந்தார்கள். அலுவலர் என்னையும் அக்காவையும் திரும்பிப் பார்த்துவிட்டு, ஊரில் உள்ள ஒரே கடைக்கு விறுவிறுவென்று நடந்தார். கடைக்காரர் தனியாக உட்கார்ந்து புளி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊர் ஆம்பளைங்க எல்லாம் இங்கேதான் வந்தாங்களாமே, எங்கே?"

கடைக்காரரும் எங்கள் ஊர்தானே. "இப்பத்தானுங்க ஊட்டுக்குப் போனாங்க" என்றார்.

அலுவலருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரே சேர்ந்து தம்மை ஏய்க்கிறது என்று நினைத்துக்கொண்டார். அக்கா அந்தப் பழக்கத்தை எடுத்துச் சொன்னார். கோபம் தணிந்தாலும் அவர் பிடி தளரவில்லை. "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா எனக்கு வேண்டியது இங்கே குடியிருக்கிறவங்க கணக்குதான். மறுபடி ஒரு தடவை விசாரணைக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை அக்கா வாசலுக்கும் புழக்கடைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "குடியிருக்கிறவங்க, குடியிருக்கிறவங்க" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். நான் விடைபெற்றதுகூட அவர் காதில் விழவில்லை. மறுநாள் விடிந்ததும் கரட்டைத் தாண்டிப் பண்ணைக்குப் போய்விட்டார்.

பண்ணைக்குப் பின்னால் வரிசையாக லைன் வீடுகள் இருக்கின்றன. பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள் பல ஆண்டுகளாக அங்கே குடியிருக்கின்றன. ஒரு தெரு அளவுக்கு ஆட்கள். எங்கள் ஊராட்சிப் பள்ளியை மூடாமல் வைத்திருப்பதே அவர்கள் பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளைகள் என்னைவிட நன்றாக "ஏனுங்க, வாங்கோ" என்று பேசும். ஆனால் நாங்கள் அவர்களைப் "பண்ணை ஆளுங்க" என்று சொல்வோமே தவிர, ஊர்க்காரர்கள் என்று நினைத்ததே இல்லை. வடக்கே போர் போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் ஆட்களை ஊருக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். வடக்கிலிருந்து வந்து கண் முன்னால் இருந்தவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்களையும் சேர்த்தால் ஊரின் ஆள்கணக்குத் தேறிவிடும் என்று அக்காவுக்கு அந்தக் காலையில்தான் உறைத்ததாம்.

பண்ணை முதலாளியை நச்சரித்து ஒப்புக்கொள்ள வைத்து, லைன் வீடுகளுக்குக் கதவு எண் போட்டார். முட்டை அடுக்கிய காலத்தில் அக்காவோடு ஒன்றாக வேலை செய்த சுனிதா என்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு, வட்டார அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைந்தார். அலுவலர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். விசாரணைக்கு வரும்போது ஊர்க்காரர்களிடம் கேட்பார்கள். "இவங்க இன்னைக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க" என்று ஊர் சொல்லிவிட்டால், கதவு எண்ணால் பயனில்லை.

ஊர் என்றால் எங்கள் ஊரில் தலைக்கட்டுத்தான். மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்கு வரி கொடுக்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. வரி கொடுக்கிற வீட்டின் நல்லது கெட்டதுகளுக்கு, தலைக்கட்டுக்கு ஒருவர் போய் நிற்க வேண்டும். வரி கொடுக்காத வீட்டுக்கு ஊர் போகாது. அரசாங்கத்தில் என்ன பதிவு இருந்தாலும், ஆளை ஊர்க்காரர் ஆக்குவது இந்த வரிதான். அதை வாங்குகிறவர் கோயில் தர்மகர்த்தா. எங்கள் பெரியப்பா மகன் என்பதால் எங்களுக்கு அண்ணன் முறை.

நோம்பிக்குப் பூச்சாட்டிய அன்று, சுனிதாவையும் லைன் வீட்டுக்காரர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு அக்கா கோயிலுக்குப் போனார். குளித்து, நல்ல துணி உடுத்தி, வரியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். தர்மகர்த்தா அண்ணன் தட்டைத் தொடவில்லை.

"இதென்ன அம்மிணி புதுசா இருக்குது? இன்னைக்கு வரி வாங்குனா நாளைக்குக் கோயில்ல மொறை கேப்பாங்க. சாமி தூக்கறோம்பாங்க."

"தூக்கட்டுமுங்கண்ணா. போன நோம்பிக்குத் தூக்கறதுக்கு ஆளில்லாம அம்மனை டிராக்டர்ல தானுங்க வெச்சு ஓட்டிக்கிட்டுப் போனீங்க?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கு அது குத்திவிட்டது. "இது கோயலு. உன்ற பஞ்சாயத்து ஆபீஸ் இல்ல. எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

அக்கா பிடிவாதக்காரர். அந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். அவர் பொறுக்கவில்லை. "இவங்க வரி ஆகாதுன்னா என்ற வரியும் ஆகாதுங்க" என்று சொல்லி, தம் வீட்டு வரியையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"அம்மிணி, ரோசிச்சுப் பேசு. வரி குடுக்காத ஊட்டுக்கு ஊரு வராது, தெரியுமில்ல?"

"பாத்துக்கலாம் போங்கண்ணா."

அந்த ஆண்டு நோம்பியில் அக்கா மாவிளக்கு எடுக்கவில்லை. கொட்டுச் சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். "சமாதானமாப் போயிரலாங்க்கா, நான் பேசட்டுமா?" என்று கேட்டேன். "நீ டவுன்காரன், உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஒரு ஊராட்சிக்காக எதற்கு இந்தப் பாடு, விட்டுத் தொலைத்தால்தான் என்ன என்று கத்தினேன். "நீ சொல்லுவே" என்றார். அதோடு சில ஞாயிற்றுக்கிழமைகள் நான் காபிக்குப் போகவில்லை.

அதற்குப் பின் மாரில் வலி வந்ததை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பழுது பார்க்கிற இடத்தில் நின்றபடியே இரண்டு நாள் சமாளித்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் காரில் ஏற்றி நாமக்கல்லுக்கு ஓட்டினேன். மகள் பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நிலையிலும் அவர் வாய் ஓயவில்லை.

"அந்த ஆபீசரு மறுக்கா வாரேன்னு சொல்லியிருக்காரு. நான் படுத்துக்கிட்டன்னா நீ அவரைப் பண்ணைக்குக் கூட்டிக்கிட்டுப் போ, சாமி."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க்கா."

"கூட்டிக்கிட்டுப் போவியா?"

எதிரே லாரி வந்தது. நான் ஒதுங்குவதில் கவனமாக இருந்தேன். அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. "போறேங்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த லாரியை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடிவதில்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பந்தல் போட்டு நாற்காலிகளும் போட்டாயிற்று. வெளியூர் உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். உள்ளூரிலிருந்து யாரும் வரவில்லை. அவரவர் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், படி இறங்கவில்லை. இவர்கள் வீட்டு விளக்குக்கும் தண்ணீருக்கும் இரவு பகலாக ஓடிய மனுஷி உள்ளே கிடக்கிறார். ஒரு நோம்பி வரிக்காக ஊர் தள்ளி நிற்கிறது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. போய்ச் சண்டை போடலாம் என்று கிளம்பியவனை அக்காவின் மருமகன்தான் பிடித்து உட்கார வைத்தார்.

வெயில் ஏறியபோது, கரட்டுப் பக்கமிருந்து பண்ணைக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. சுனிதா முன்னால் வந்தாள்.

"ஊட்டுக்கு ஒருத்தரு வந்துருக்கறமுங்கண்ணா. மத்தவங்க கோழிக்குத் தண்ணி காட்டோணுமில்லீங்க. இந்தூர்ல அப்படித்தான் மொறைன்னு அம்மிணி சொல்லியிருக்கறாங்க" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. தங்களிடம் ஊர் வரி வாங்கவில்லை என்ற கூச்சத்தாலோ என்னவோ, அவர்கள் பந்தலுக்குள் வராமல் ரோட்டிலேயே வெயிலில் நின்றார்கள்.

சற்று நேரத்தில் தர்மகர்த்தா அண்ணன் தோளில் துண்டோடு தெருமுனையில் வந்து நின்றார். ஊரே அவரைப் பார்த்தது. ரோட்டில் நின்றவர்களை அவர் பார்த்தார்.

"இவங்களுக்கு ஆரு சொல்லியுட்டது?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆரும் சொல்லலீங்கண்ணா. அவங்களாத்தான் வந்தாங்க."

அண்ணன் அவர்கள் பக்கம் திரும்பி, "வெயில்ல எதுக்கு நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க" என்றார். தாமும் உள்ளே வந்து, அக்காவின் காலடியில் மாலையை வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பின் ஒவ்வொரு வீடாக இறங்கி வந்தது. எடுக்கும்போது யார் யார் தோள் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது.

இனி நன்றி சொல்ல வேண்டும். சேதி கேட்டு ஓடிவந்த உறவினர்களுக்கும், வண்டியை நிறுத்திவிட்டு ராஜஸ்தானிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் போனில் அழுத எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும், வாசலுக்கே ஓடிவந்து கடைசியாக முயன்று பார்த்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், காரியம் முடியும் வரை வீட்டில் அடுப்பு எரியாமல் சோறு கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், வேலைக்கு நடுவே வீட்டுக்கு ஒருவராக வந்து நின்ற பண்ணைக் குடும்பங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்கா சொன்னபடியே அந்த அலுவலர் மறுபடி வந்தார். நான் லீவு போட்டு, அவரைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊஞ்சவலசு டவுனோடு சேர்வதுதான் நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறவன் நான். "இவங்க வருவாங்க, போவாங்க சார்" என்று காருக்குள்ளேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் எண்ணம் நிறைவேறியிருக்கும். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. லைன் வீடுகளைப் பார்த்துவிட்டு, ஊர்க்காரர் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றார். கோயில் வாசலில் தர்மகர்த்தா அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"பண்ணையில இருக்கிறவங்க எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டார் அலுவலர்.

"எங்க ஊருதானுங்க."

"உங்க கோயில் வரியில இவங்க பேர் இல்லைன்னு சொல்றாங்களே?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அலுவலரின் முகத்தையே பார்த்துச் சொன்னார்.

"எங்க அம்மிணி சாவுக்குத் தலைக்கட்டுக்கு ஒரு ஆளு வந்து நின்னாங்க. எங்களுக்கு முந்தி வந்து நின்னாங்க. எழுதிக்குங்க."

அலுவலர் எழுதிக்கொண்டார். டவுனோடு சேர்ப்பதா இல்லையா என்ற ஆணை இன்னும் வரவில்லை. வரும்போது எப்படி வருமோ, தெரியாது. தர்மகர்த்தா அண்ணனுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.